நுரை எழாத வாரம்

பேக்கரியில் காலை முறை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரோஸ்விதா முதலில் செய்வது கிண்ணம் கழுவுவது. கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஈரக் காலணியைக் கழற்றிவிட்டு, வரவேற்பறை மூலையில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டியின் பின்னால் கையை நுழைத்து, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்கிம்மரின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தைத் திருகி எடுப்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடப்பாள். ஜன்னலைத் திறந்து, உள்ளே தேங்கியிருப்பதைக் கொட்டி, அதற்கென்றே வைத்திருக்கும் பழைய பல்துலக்கியால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பாள். வெறும் தண்ணீர்தான், சோப்பு கூடாது. இது அந்த வீட்டின் சட்டம். சட்டம் போட்டவன் அவள் புருஷன் ஆர்னோ. கிண்ணம் கழுவுவதும் அவன் வேலையாகத்தான் இருந்தது, போன அக்டோபர் வரைக்கும்.

அந்தத் திங்கட்கிழமை கிண்ணத்தைத் திருகி எடுத்தபோது அது காலியாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. முந்தின நாள் கழுவியது அப்படியே உலர்ந்திருந்தது.

ஸ்கிம்மர் என்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. கை நீளத்துக்கு ஒரு கண்ணாடி மாதிரிக் குழாய், அதன் அடியில் நுண்துளைகள் உள்ள லிண்டன் என்ற மரத்தின் கட்டை ஒன்று. கட்டை வழியாகக் காற்றை ஊதினால் பால் மாதிரி பொடிக் குமிழிகள் கிளம்பும். மீன் தின்றது, கழிந்தது, எங்கோ பாறையடியில் செத்தது என்று எல்லாவற்றின் பிசுக்கும் அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு, நுரையாக ஏறி, கிண்ணத்தில் வழிந்து, புகையிலை ஊறிய தண்ணீர் மாதிரி தேங்கும். அது தேங்கினால்தான் தொட்டி சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவு சந்தோஷப்படுவான் ஆர்னோ. கிண்ணத்தை அவள் மூக்கருகே கொண்டுவந்து, "பாரு கிழவி, எப்படி வந்திருக்கு" என்பான். சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கொண்டுவருவான்.

இப்போது அவன் அந்த அறைக்குள்ளேயே வருவதில்லை.

ஜன்னல் சட்டம் செய்யும் பட்டறையில் இழைப்பு இயந்திரம் அவன் வலது கையைப் பிடித்தது. விரல்கள் போகவில்லை, மருத்துவமனையில் தைத்து ஒட்டிவிட்டார்கள். ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவும் இல்லை, அவற்றுக்குச் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் சொன்னாள்: வெதுவெதுப்பான தண்ணீரில் கையை விட்டு மூடித் திற, மூடித் திற, காலையும் மாலையும். ரோஸ்விதா தினமும் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பேசினில் வெந்நீர் விளாவி மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். மத்தியானம் வரும்போது அது அதே அளவில், ஆறிப்போய், மேலே ஒரு ரொட்டித் துகளோடு இருக்கும். ஆர்னோ சமையலறை நாற்காலியில் வானொலியை வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். முற்றத்தில் பார்க்க என்ன இருக்கிறது? குப்பைத்தொட்டிகளும் உறைபனியில் விறைத்த ஒரு சைக்கிளும்.

ஜனவரியில் ஒருநாள் அவள் கேட்டாள். "தொட்டியை என்ன பண்றது?"

"குடுத்துடு" என்றான், முற்றத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டாள். அதே பதில். மூன்றாம் தடவை கேட்கவில்லை. யோஹெனுக்குத் தொலைபேசி செய்துவிட்டாள். யோஹென் சுரங்க ரயில் ஓட்டுகிறவன், ஆர்னோவுக்கு முப்பது வருஷச் சிநேகிதன், கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் சங்கத்தின் பொருளாளர். சங்கம் என்றால் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பீர்க்கடையின் பின்னறையில் கூடி, ஒருவன் தொட்டியைப் பற்றி இன்னொருவன் குறை சொல்வது. ஆனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் தொட்டியில் பவளம் செழித்தால் கிளை வெட்டி மற்றவனுக்குக் கொடுத்துவிடுவான், சும்மாதான். நாளைக்கு அவன் தொட்டி கெட்டுப்போனால், கொடுத்த இடத்திலிருந்து ஒரு கிளை திரும்பி வரும். அந்த வட்டாரத்தில் இருக்கும் பவளங்களில் பாதி ஆர்னோவின் தொட்டியில் பிறந்தவை. ஸ்கிம்மருக்கான லிண்டன் கட்டைகளையும் எல்லோருக்கும் அவன்தான் அறுத்துக்கொடுத்தான்.

"சனிக்கிழமை வரேன்" என்றிருந்தான் யோஹென். "மீனையும் தண்ணியையும் எடுத்துட்டுப் போக பீப்பாய் கொண்டாரேன். ஆளும் கூட்டிட்டு வரேன்."

சனிக்கிழமைக்குப் பிறகு அந்த மூலையில் தையல் மேஜையைப் போடுவதென்று ரோஸ்விதா தீர்மானித்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராக விழும். காற்று மோட்டாரின் முணுமுணுப்பு இருக்காது. இன்னொன்றும் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. மகள் ஸில்கே பிறந்தநாளுக்குக் கொடுத்த ரோஜா வாசனைக் கைக்களிம்பு அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது. தொட்டியில் கை விடுகிற வீட்டில் யாரும் கையில் களிம்பு பூசக்கூடாது. துளி எண்ணெய்ப் பசை போனாலும் நுரை செத்துவிடும். கல்யாணமான புதிதில் ஒருதரம் மறந்துபோய்ப் பூசிக்கொண்டு மீனுக்கு இரை போட்டுவிட்டாள். ஆர்னோ கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, யாராவது செத்துப்போயிட்டாங்களா என்று கேட்டாள். அதன்பிறகு குளிர்காலம் முழுக்க ரோஸ்விதாவின் விரல் கணுக்கள் வெடித்துத்தான் கிடக்கும். பேக்கரியில் சில்லறை கொடுக்கும்போது வாடிக்கையாளர்கள் அவள் கையைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் களிம்பை முழங்கை வரை பூசிக்கொள்வதென்று முடிவு செய்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமையும் கிண்ணம் காலி. குழாய்க்குள் பார்த்தாள். குமிழி கிளம்புகிறது, ஆனால் சோடா மாதிரி பெரிது பெரிதாக வந்து பட் பட்டென்று உடைந்துபோகிறது. பழைய மரக்கட்டையை எடுத்துவிட்டு, ஆர்னோவின் பெட்டியில் மிச்சமிருந்தவற்றில் ஒன்றைப் பொருத்தினாள். புதனன்றும் அதே கதை.

"ஆர்னோ, ஸ்கிம்மர்ல நுரை வரல."

"கட்டை அடைச்சிருக்கும்."

"மாத்திட்டேன்."

"அப்ப மோட்டார்."

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது. வந்து பாரேன் ஒரு நிமிஷம்."

அவன் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான். அவள் கூடத்துக்குப் போய் யோஹெனைக் கூப்பிட்டாள்.

"நுரை வர மாட்டேங்குது, யோஹென்."

"யாருக்கு?"

"விளையாடாத. ஸ்கிம்மர்ல."

"மீனுக்கு அள்ளிக் கொட்டினியா?"

"நான் எதையும் அள்ளிக் கொட்டறவ இல்ல."

"அட விடு ரோஸி. சனிக்கிழமை எப்படியும் கழட்டத்தானே போறோம். ரெண்டு நாளு நுரை இல்லாட்டி ஒண்ணும் ஆயிடாது."

"அழுக்குத் தண்ணியிலயா உன்கிட்ட ஒப்படைக்கச் சொல்ற? இந்த வீட்டுலேர்ந்து அப்படி ஒண்ணு போகாது."

தொலைபேசியில் யோஹென் சிரிப்பது கேட்டது. "சரி தாயே. நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வரேன். காப்பி போட்டு வை. கேக் மிஞ்சினா எடுத்துட்டு வா, பாப்பி விதை போட்டது."

வியாழக்கிழமை யோஹென் வந்தான். மூன்று மாடி ஏறிய மூச்சோடு நேராகச் சமையலறைக்குப் போய், ஆர்னோவின் தோளில் ஒரு குத்து விட்டு, "எப்படி இருக்க, கிழட்டு மரங்கொத்தி?" என்றான். "இருக்கேன்" என்றான் ஆர்னோ. "பீர்க்கடைக்கு வர்றதே இல்ல. உன் நாற்காலியில அந்தப் பல் டாக்டர் உக்காந்துக்கறான். அவன் பேச்சைக் கேட்டா எங்க எல்லாருக்கும் பல் வலிக்குது." ஆர்னோ புன்னகை மாதிரி ஏதோ செய்தான். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. யோஹென் கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தான்.

கிண்ணத்தைக் கழற்றி ரோஸ்விதாவிடம் கொடுத்தான். குழாயின் உள்பக்கம் ஆள்காட்டி விரலால் வழித்து, விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான்.

"கொழுப்பு" என்றான்.

"என்ன கொழுப்பு?"

"எனக்கென்ன தெரியும்? உன் வீட்டுக் கொழுப்பு. யாரோ கையில எதையோ பூசிக்கிட்டு உள்ள விட்டிருக்காங்க. கையைக் காட்டு."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"கடவுளே. இது கையா, மரப்பட்டையா? இதுல ஒரு வருஷமா களிம்பு பட்டிருக்காது."

"பதினெட்டு வருஷமா படல" என்றாள். "சட்டம் போட்டவரைப் போய்க் கேளு."

யோஹென் குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே நோட்டம் விட்டான். தொட்டியின் இடது பக்கம், பாறையின் மேல், ஆர்னோவின் பெருமைக்குரிய மென்பவளம் கொத்தாக நின்றது. சாம்பல் கலந்த வெள்ளைத் தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் குட்டிக் கைகள். அந்தக் கைகள் ஓயாமல் விரியும், மூடும், விரியும், மூடும். ரோஸ்விதா அதற்கு மாவுபிசைவான் என்று பேர் வைத்திருந்தாள்.

"இதென்ன, புதுசா கிளை வெட்டி நட்டிருக்கு?" என்றான் யோஹென். "இந்தச் சின்னக் கல்லு மேல. நீயா?"

அவள் பார்த்தாள். ஆமாம், பாறையின் நிழலில், உள்ளங்கை அளவு கல் ஒன்றில் ஒரு தண்டு. அதைக் கல்லோடு சேர்த்து நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டு ஒழுங்கில்லை. சில சுற்று இறுக்கம், சில சுற்று தொளதொள. முடிச்சு குழந்தை ஷூ லேஸ் கட்டின மாதிரி. நூல் ஊதா நிறம். ஸில்கேயின் கோட்டுக்கு அவள் வாங்கிய நூல். அவள் தையல் பெட்டியிலிருந்து எடுத்த நூல்.

சமையலறையில் வானொலி சட்டென்று நின்றது.

"நான்தான்" என்றாள் ரோஸ்விதா.

"நல்லாத்தான் பேக்கரியில பொட்டலம் கட்டற!" என்று யோஹென் உரக்கச் சிரித்தான். "இதைக் கட்டினது ஆளா, நண்டா?"

"நண்டுதான். போதுமா? உனக்குக் காப்பி ஆறுது."

அவன் காப்பியைக் குடித்தான், மிச்ச கேக்கைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். குழாயைத் துணியால் துடைத்துவிட்டு, கிண்ணத்தையும் நன்றாகக் காயவைத்து நாளைக்குப் பொருத்து, புதுக் கொழுப்பு போகாவிட்டால் நுரை தானே எழும்பும் என்றான். கதவருகே கோட்டுப் பொத்தானைப் போட்டபடி, "சனிக்கிழமை பத்து மணி. நாலு பீப்பாய் போதுமில்ல?" என்றான்.

"நாளைக்குச் சொல்றேன்."

"என்னத்த நாளைக்கு? பீப்பாய் கேட்டு வச்சிருக்கேன், ரோஸி."

"நாளைக்குச் சொல்றேன்னேன்ல."

கதவைச் சாத்திவிட்டு அவள் குளியலறைக்குப் போனாள். தேட வேண்டியிருக்கவில்லை. துண்டுக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், தகர டப்பா. பால் கறக்கிறவர்கள் பசுவின் மடிக்குப் பூசும் கொழுப்பு. ஆர்னோ வடக்கே மாட்டுப் பண்ணையில் பிறந்தவன். காயம், வெடிப்பு, வறட்சி எதுவானாலும் அவன் அம்மாவுக்கு இது ஒன்றுதான் மருந்து. தழும்பு இறுகாமல் இருக்க இதைப் பூசலாம் என்று அந்தப் பயிற்சிப் பெண்ணும் சொல்லிவைத்தாள். நவம்பரில் வாங்கியபோது அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது பாதி டப்பா காலி. நடுவில் குழி விழுந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

சமையலறைக்குப் போய் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். ஆர்னோ அதைப் பார்த்தான். பிறகு முற்றத்தைப் பார்த்தான். யோஹென் கொடுத்து அவள் கழுவி வைத்த கிண்ணம் பாத்திரத் தட்டில் கவிழ்ந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவன் வானொலிப் பக்கம் இடது கையை நீட்டினான்.

"நான் கேக்கறது காதுல விழுதா? பதினெட்டு வருஷம் ஆர்னோ! கை வெடிச்சு ரத்தம் கசியக் கசிய ரொட்டி வித்திருக்கேன். ஒரு சொட்டுக் களிம்பு பூச விட்டியா? எனக்கு ஒரு சட்டம். துரை மட்டும் மாட்டு மடிக்குப் போடறதை அப்பிக்கிட்டு முழங்கை வரைக்கும் உள்ள விடலாமா?"

"துடைச்சேன்" என்றான்.

"என்னது?"

"கையைக் காகிதத்துல துடைச்சிட்டுத்தான் விட்டேன். சுத்தமா இருக்குன்னு நெனச்சேன்." வலது கையை மேஜைமேல் வைத்துப் புரட்டிக் காட்டினான். "இந்த ரெண்டுலயும் பிசுக்கு இருந்தா எனக்கெப்படித் தெரியும்?"

தழும்பு மடிப்புகளில் கொழுப்பு மஞ்சளாக மினுங்கியது. ரோஸ்விதா எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"பேசின் வச்சேனே தினமும். அதுல விட்டா ஆகாதா?"

"அதுல விட்டா பைத்தியக்காரன் மாதிரி இருக்கு." டப்பாவை ஓரமாகத் தள்ளினான். "வெறும் தண்ணியில உக்காந்து மூடு, திற, மூடு, திற. எதுக்குன்னே தெரியாம. அங்க அப்படியில்ல. அதுங்களும் அதையேதான் செய்யுதுங்க. நாள் பூரா."

அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, வெளிச்சம் வராத காலையில், தொட்டி விளக்கின் நீலத்தில் இந்த ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாவுபிசைவான்களோடு சேர்ந்து மாவு பிசைவதை நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே வேடிக்கையாக இருந்தது. கோமாளி மீன் வந்து அவன் விரலைக் கடித்திருக்கும், அதற்கு அந்தப் பழக்கம் உண்டு. உணர்ச்சி இல்லாத விரலைக் கடித்தால் பரவாயில்லை.

"கடிச்சுதா?" என்றாள்.

"எது?"

"கோமாளி."

"கடிச்சுது." கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "நேத்து வலிச்சுது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த விரல்ல?"

"இதுல. கொஞ்சமா." மோதிர விரல்.

வெளியே யாரோ முற்றத்தில் குப்பைத்தொட்டியின் மூடியை அறைந்து சாத்தினார்கள். ரோஸ்விதாவுக்குத் தையல் மேஜை ஞாபகம் வந்தது. ஜன்னல் வெளிச்சம் வந்தது, நிசப்தமான அறை வந்தது, அலமாரியில் பிரிக்காத ரோஜாக் களிம்பு வந்தது. அதையெல்லாம் விட்டுக்கொடுக்கிற பெரிய மனசு தனக்கு இருப்பதாக அவள் நினைக்கவில்லை. இருந்தாலும் மனசு சும்மா இருக்கவில்லை. தையல் மேஜையைப் படுக்கையறையில் போட முடியாதா என்று அது தன்பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

"அந்தக் கட்டு" என்றான் ஆர்னோ திடீரென்று. "அவன் சொன்ன அளவுக்கு ஒண்ணும் மோசமில்ல."

"நண்டு கட்டினதுதான்."

"தண்ணிக்குள்ள, பாதிக் கையால கட்டினது. அவனைக் கட்டச் சொல்லு பாப்போம்."

"என் ஊதா நூலு வேற."

"கறுப்பு நூலு தேடினேன். உன் பெட்டியில ஒண்ணு எடுத்தா ஒம்பது சிக்கிக்கிட்டு வருது."

"பெட்டியைக் குறை சொல்லாத." எழுந்து அடுப்பருகே போனாள். அங்கே எதுவும் இல்லை, திரும்பி வந்தாள். இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், அவன் மறுபடி வானொலியைத் திருப்புவதற்குள். "இங்க பாரு ஆர்னோ. கிண்ணம் கழுவ என்னால இனி முடியாது. அந்த நாத்தம் மூக்குலயே ஒட்டிக்கிட்டு, கடையில கேக் வாசனைகூட வர மாட்டேங்குது. தொட்டி இருக்கணும்னா கிண்ணம் உன் வேலை. கை விடறதுன்னா சோப்பு போட்டுக் கழுவு, அப்புறம் சோப்பும் போறவரைக்கும் அலசு. துடைக்கிறதெல்லாம் செல்லாது. விரலுக்குத் தெரியலைன்னா கண்ணால பாரு, இல்ல என்கிட்ட காட்டு. கொழுப்பை ராத்திரி படுக்கப்போறப்ப பூசிக்க. நானும் அப்பத்தான் என் களிம்பைப் பூசிக்கப் போறேன், ரோஜா வாசனை, வீடு பூரா வரும், ஒரு வார்த்தை பேசக்கூடாது."

அவன் எழுந்தான். குழாயடிக்குப் போய் இடது கையால் தண்ணீரைத் திறந்தான். சோப்பை எடுத்தான், நழுவியது, மறுபடி எடுத்தான். வலது கையின் ஒவ்வொரு விரலாக, தழும்பின் ஒவ்வொரு மடிப்பாக, கோழிக்கால் சுத்தம் செய்கிற மாதிரி தேய்த்தான். பிறகு அலசினான். தண்ணீர் வீணாகிறதே என்று அவளுக்கு வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். கையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் நீட்டினான். அவள் குனிந்து விரலிடுக்குகளைப் பார்த்தாள்.

"இங்க கொஞ்சம்" என்று சுட்டிக்காட்டினாள்.

அவன் மறுபடி தேய்த்து, மறுபடி அலசினான்.

"யோஹென் பீப்பாய் கேட்டு வச்சிருக்கான்" என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "நாளைக்கு அவனுக்குச் சொல்லியாகணும். சனிக்கிழமை வரச் சொல்லவா, வேண்டாமா?"

ஆர்னோ குழாயை மூடினான். பாத்திரத் தட்டில் கவிழ்ந்திருந்த கிண்ணத்தை இடது கையால் எடுக்கப் போனவன் நிறுத்தி, வலது கையை நீட்டினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்தன; மற்ற விரல்கள் மெதுவாக வந்து அடியில் சேர்ந்துகொண்டன, இறுக்கமில்லாமல்.

"உன்னைத்தான் கேக்கறேன்" என்றாள் ரோஸ்விதா.

கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் சமையலறையை விட்டு, தொட்டி இருக்கும் அறைப் பக்கமாகப் போனான்.